அசையும் அடுக்கும்

யாப்பிலக்கணம் கற்பிக்கப் புகும் ஆசிரியர் கரும்பலகையில் முதற்கண் வரைந்து காட்டுவது சீர்களின் அட்டவணையாகும். நேர், நிரை என அசை இரண்டு. அவை தனித்து நின்றால் நாள், மலர் என ஓரசைச்சீர் இரண்டு. இரண்டிரண்டாய்ச் சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என ஈரசைச்சீர் நான்கு. மும்மூன்றாய்ச் சேர்ந்தால் காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக மூவசைச்சீர் எட்டு. நாலசைச்சீரோ பூவும் நிழலுமாகப் பதினாறு. யாப்பருங்கலக்காரிகையைப் பாடங்கேட்டோர் இம்முப்பதையும் தடையின்றிச் சொல்லுவர். ஆயினும், 2, 4, 8, 16 என இவ்வெண்கள் ஏன் இவ்வாறு இரட்டித்துச் செல்லுகின்றன என்னும் வினாவை இலக்கண வகுப்பில் எழுப்புவார் அரியர். அடுத்த பாடவேளையில் கணித ஆசிரியர் வந்து 2¹, 2², 2³, 2⁴ என்று அதே பலகையில் எழுதும்பொழுது, சற்றுமுன் அழிக்கப்பட்ட அட்டவணைதான் வேறு கோலம் பூண்டு மீண்டும் வந்திருக்கிறது என்பதை மாணவர் உணர்வதில்லை.

தொல்காப்பியர் கணக்கு இன்னும் பெரிது. அவர் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பவற்றையும் அசையாகக் கொண்டார். ஆகவே அவருக்கு அசை நான்கு, ஈரசைச்சீர் 16, மூவசைச்சீர் 64. ஓரசைச்சீர் நான்கனையும் கூட்ட, மொத்தம் 84. அடியில் நிற்கும் எண் இரண்டாக இருந்தால் முப்பதில் முடிந்த கணக்கு, அடியெண் நான்கான அளவில் ஓரசை குறைவாகவே நின்றும் எண்பத்து நான்காகிவிட்டது. எண்ணை எண்ணால் அடுக்குதல் என்னும் செய்கையின் இயல்பு இதுவே. அதன் வரலாற்றையும் பொருளையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஓர் எண்ணை அதே எண்ணால் பலமுறை பெருக்குவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அடுக்கு என்றும் படி என்றும் குறிக்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் வலு என்கின்றன. மேலே சிறிதாக எழுதும் எண்ணைச் சுட்டி என்கின்றன. மலேசிய இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் கேட்கும் சொல் குவாசா என்பதாகும். வலு, குவாசா ஆகிய இரண்டும் ஒரு குலத்தைச் சேர்ந்தவை. பண்டைக் கிரேக்கர் ஒரு எண்ணின் வர்க்கத்தை டைனமிஸ் என்றனர். ஆற்றல் என்பது அதன் பொருள். அச்சொல் இலத்தீனில் பொடென்ஷியா ஆகி, ஆங்கிலத்தில் பவர் ஆகி, அதன்பின் மலாயிலும் ஈழத்துத் தமிழிலும் மொழிபெயர்ந்தது. எண்ணுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று மாணவன் கேட்டால் அச்சொல்லில் விடை இல்லை. அடுக்கு என்னும் சொல்லோ செய்கையைக் கண்முன் நிறுத்துகிறது. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு வரை அடுக்கிவரும் என்று நன்னூலார் எல்லை வகுத்த அடுக்குத்தொடரை நாம் அறிவோம். "பாம்பு பாம்பு பாம்பு" என்று ஒருவன் அலறுவதற்கும், இயற்கணிதத்தில் "அ அ அ" என்று ஒரு குறியை மும்முறை எழுதிப் பெருக்குவதற்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை. ஆங்கிலேயக் கணிதர் தாமஸ் ஹாரியட் அவ்வாறுதான் எழுதினார். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1631-இல் அச்சான அவர் நூலில் அடுக்குகள் யாவும் அடுக்குத்தொடர்களாகவே நிற்கின்றன.

இவ்வளவும் எளிது. இடர் எங்கே தோன்றுகிறது என்றால், 2⁰ என்று எழுதும் இடத்தில். இரண்டை மும்முறை பெருக்குதல் எட்டு. இருமுறை பெருக்குதல் நான்கு. சுழியம் முறை பெருக்குதல் என்ன? ஒன்றுமில்லை என்றுதானே சொல்லத் தோன்றும்? "ஒன்று" என்கிறது பாடநூல். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு "அது விதி" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அப்பிள்ளை அன்றிலிருந்து கணிதம் என்பது பெரியவர்கள் கூடி வகுத்த கட்டளைத் தொகுதி என்று எண்ணத் தொடங்குகிறான். உண்மை என்னவெனில், அவன் எழுப்பிய வினாவில் அறிவிற் சிறந்தோர் பலர் பல நூற்றாண்டுகள் தடுமாறியிருக்கின்றனர்.

அடுக்கின் பயன் குறியீட்டிற்கு மிக முந்தியது. பாபிலோனியர் களிமண் பலகைகளில் வர்க்கங்களையும் கனங்களையும் அட்டவணையிட்டனர். 1854-இல் செங்கரே என்னும் இடத்தில் கண்டெடுத்த பலகைகளில் 59 வரைக்கும் வர்க்கங்களும், 32 வரைக்கும் கனங்களும் உள்ளன. இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு பலகை. நூற்றுக்கு இருபது வட்டி, வட்டிக்கு வட்டி. கொடுத்த முதல் எப்பொழுது இரட்டிக்கும்? இதுதான் அதில் உள்ள கணக்கு. மூன்றாம் ஆண்டின் முடிவில் 1.728 பங்கு, நான்காம் ஆண்டின் முடிவில் 2.0736 பங்கு. ஆகவே விடை நான்காண்டுக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு குறைவு? ஆண்டின் இடையிலும் வட்டி சீராக ஏறுவதாகக் கொண்டு, நான்காண்டில் 2 மாதமும் ஒரு மாதத்தில் ஒன்பதில் ஐந்து பங்கும் கழிக்க என்று அப்பலகை கூறுகிறது. இக்காலக் கணக்குப்படி சரியான விடை ஏறத்தாழ 3.80 ஆண்டு, அவர்கள் கண்டது 3.79 ஆண்டு. நான்காயிரம் ஆண்டுக்கு அண்மைய பழமையுடைய மண்பலகையில், அடுக்குக்குறி முழு எண்ணாக இல்லாத ஒரு கணக்கு இவ்வளவு நெருங்கிய விடையோடு நிற்பது வியத்தற்குரியது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அக்கணக்கு வேண்டியிருந்தது. கணிதம் பின்னால் வந்தது.

எகிப்தில் ஆமோசு என்னும் எழுத்தர் கி.மு. 1550 அளவில் படியெடுத்த ஏட்டில் ஏழு வீடு, 49 பூனை, 343 எலி, 2,401 கதிர், 16,807 படித் தானியம் என்று ஒரு வரிசை உண்டு. கூட்டினால் 19,607. விளையாட்டுக் கணக்குப் போலும்.

கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் வேறொரு தேவையால் இதற்கு வந்தார். மணலை எண்ண முடியாது என்பார் கூற்றை மறுக்க, கெலோன் என்னும் மன்னனுக்கு முகவரியிட்டு அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஒரு நூல் வரைந்தார். கிரேக்க மொழியில் பெயருடைய பேரெண் பத்தாயிரமே. அவர் பத்தாயிரத்தின் பத்தாயிரத்தை, அதாவது 10⁸-ஐ, புதிய அலகாகக் கொண்டு, அதன் அடுக்குகளை வரிசை வரிசையாக நிறுத்தினார். அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் மணலின் எண்ணிக்கை 10⁶³-ஐத் தாண்டாது என்று காட்டினார். அந்நூலின் இடையே அவர் சொல்லிச் செல்லும் ஒரு குறிப்புத்தான் நமக்கு முதன்மையானது: ஒன்றிலிருந்து தொடங்கி ஒரே விகிதத்தில் வளரும் வரிசையில் இரண்டு எண்களைப் பெருக்கினால், சிறிய எண் ஒன்றிலிருந்து எவ்வளவு தொலைவோ, விடை பெரிய எண்ணிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும். பெருக்குதல், இடத்தைக் கூட்டுதலாக மாறுகிறது. இன்றைய மாணவன் 2³ × 2⁴ = 2⁷ என்று எழுதுவது இதனையே. தொலைவை ஆர்க்கிமிடீஸ் அளக்கத் தொடங்கும் இடம் ஒன்று என்பதையும் நினைவில் வைப்போம்.

இனி யாப்புக்குத் திரும்புவோம். வடமொழி யாப்பின் முதனூலாகிய சந்தச் சூத்திரத்தை இயற்றிய பிங்கலர் காலம் ஆய்வாளரிடையே முடிவு பெறாதது, கி.மு. மூன்று அல்லது இரண்டாம் நூற்றாண்டு என்பார் பலர். குரு, லகு என இருவகை எழுத்தால் ஆகிய அடியில் இத்தனை எழுத்து இருந்தால் எத்தனை சந்தம் அமையலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நேர், நிரை கொண்டு நம் இலக்கணிகள் சீர்களை எண்ணியது போன்றதே. எழுத்து ஆறானால் விடை 2⁶. ஆனால் பிங்கலர் விடையைச் சொல்வதோடு நில்லாமல், அதனைக் காணும் வழியையும் மிகச் சுருங்கிய சூத்திரங்களில் வைத்தார். பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரை அதனைத் தெளிவாக்குகிறது.

வழி இது. எழுத்தின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் அதனைப் பாதியாக்கி, 'இரண்டு' என்று குறித்துக்கொள். ஒற்றைப்படையானால் ஒன்றைக் கழித்து, 'சுழியம்' என்று குறித்துக்கொள். எண்ணிக்கை தீரும்வரை இவ்வாறு செய். ஆறு எழுத்துக்கு: ஆறின் பாதி மூன்று, குறி இரண்டு, மூன்றில் ஒன்று போக இரண்டு, குறி சுழியம், இரண்டின் பாதி ஒன்று, குறி இரண்டு, ஒன்றில் ஒன்று போக ஒன்றுமில்லை, குறி சுழியம். இப்பொழுது ஒன்று என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு, குறித்தவற்றைக் கடைசியிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். சுழியம் என்றால் இரட்டி. இரண்டு என்றால் வர்க்கமாக்கு. ஒன்றை இரட்டிக்க 2, வர்க்கமாக்க 4, இரட்டிக்க 8, வர்க்கமாக்க 64.

ஆறு எழுத்துக்கு இது வீண் சுற்றாகத் தோன்றலாம். நூறு எழுத்துக்குச் செய்து பாருங்கள். இரண்டை நூறுமுறை பெருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதே செய்கையில் விடை வந்துவிடும்: ஆறு வர்க்கம், மூன்று இரட்டிப்பு. அடுக்கின் அமைப்புக்குள்ளேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது என்பதைக் கண்டவர், செய்யுளின் ஓசையை எண்ணிக்கொண்டிருந்த ஓர் இலக்கணி. இலக்கியம் பயின்றவனுக்குக் கணிதம் வராது என்று சொல்லிப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கும் நம் காலத்து வழக்கத்தை எண்ணும்பொழுது, இச்செய்தியைச் சற்று உரக்கவே சொல்லத் தோன்றுகிறது.

சமண நூலோர் இத்துறையில் மேலும் சென்றனர். அனுயோகத்துவார சூத்திரம் உலகத்து மாந்தர் தொகையைக் கூறுமிடத்து, இரண்டின் ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கக் கிடைக்கும் எண் என்றும், இரண்டால் 96 முறை வகுபடும் எண் என்றும் அதனை விளக்குகிறது. இரண்டை மீண்டும் மீண்டும் வர்க்கமாக்கினால் ஆறாம் முறை 2⁶⁴, ஐந்தாம் முறை 2³², பெருக்கினால் 2⁹⁶. இருபத்தொன்பது இலக்கம் உடைய அவ்வெண் மாந்தர் தொகையைப் பொருத்தமட்டில் கற்பனையே. ஆனால் 64-உம் 32-உம் கூடி 96 ஆவதை அவர்கள் ஐயமின்றி அறிந்திருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் தவளை என்னும் தம் பேருரையில், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்கு அர்த்தச்சேதம் என்று பெயரிட்டு, அதன் விதிகளைக் கூறினார். இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று இன்று நாம் சொல்வது அதுவே.

பெயரிடும் முறையில் கிழக்கும் மேற்கும் பிரிந்த ஒரு செய்தியை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நலம். அலெக்சாந்திரியாவின் டயோபாண்டஸ் ஐந்தாம் அடுக்கினை வர்க்கமும் கனமும் சேர்ந்த பெயரால் அழைத்தார். இரண்டும் மூன்றும் கூடி ஐந்து. அரபு நூலோரும் அவ்வழியே சென்றனர். இந்திய நூலோர் வர்க்ககனம் என்று சொன்னால் அது ஆறாம் அடுக்கு. வர்க்கத்தின் கனம், இரண்டும் மூன்றும் பெருகி ஆறு. ஐந்தாம் அடுக்கைச் சொல்ல அவர்கள் பெருக்கம் என்னும் பொருளுடைய காதம் என்ற சொல்லைக் கூட்டி வர்க்ககனகாதம் என்றனர். நம் மாணவர் 2² × 2³ என்பதையும், 2²-இன் கனம் என்பதையும் ஒன்றோடொன்று மயக்கி, கூட்ட வேண்டிய இடத்தில் பெருக்கியும் பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியும் எழுதுவதைத் திருத்தித் திருத்திக் கை சோர்ந்திருக்கிறோம். இரண்டும் இருவேறு செய்கைகள் என்பதை இப்பெயர்களே காட்டும். ஐரோப்பாவில் பெருக்கும் வழி பரவி அளவு கடந்து போயிற்று. 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு எட்டாம் அடுக்குக்கு இட்ட பெயர் ஸென்ஸிஸென்ஸிஸென்ஸிக். வர்க்கத்தின் வர்க்கத்தின் வர்க்கம் என்பது பொருள். இதனை ஒருமுறை வகுப்பில் சொல்லிக்காட்டினால் அன்றைய தினம் எவரும் தூங்கமாட்டார்.

பெயரைவிட்டு எண்ணுக்கு வந்தபோதுதான் அடுக்கு விடுதலை பெற்றது. வர்க்கம் என்றால் சதுரம், கனம் என்றால் கனசதுரம் என்று நினைத்திருந்தவரை நான்காம் அடுக்குக்கு வெளியில் இடமில்லை. நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு உலகம் முடிந்துவிடுகிறதன்றோ? 1484-இல் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா சூக்கே அறியப்படாத எண் எத்தனை முறை பெருக்கப்படுகிறது என்பதை ஒரு சிறு எண்ணாக மேலே எழுதினார். அது ஒருமுறையும் வராத இடத்தில் சுழியத்தை எழுதினார். வகுத்தலில் வரும் இடத்தில் குறை எண்ணையும் எழுதினார். அவர் கைப்படி 1880 வரை அச்சேறவில்லை. 1585-இல் சைமன் ஸ்டெவின் எண்ணை ஒரு வட்டத்துக்குள் எழுதினார். 1637-இல் டெக்கார்ட் வெளியிட்ட வடிவகணித நூலில்தான் இன்று நாம் எழுதும் வடிவம் நிலைபெற்றது. அதனினும் பெரிதாக அவர் செய்தது ஒன்றுண்டு. ஒரு கோட்டை அலகு என்று கொண்டால், அ² என்பது சதுரமாக இருக்க வேண்டியதில்லை, அ³ கனசதுரமாக இருக்க வேண்டியதில்லை, எல்லாம் கோடுகளே என்று நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அன்றுமுதல் ஏழாம் அடுக்கும் எழுபதாம் அடுக்கும் நான்காம் அடுக்கைப் போலவே இயல்பாயின. இவ்வளவு செய்த டெக்கார்ட், வர்க்கத்தை மட்டும் பெரும்பாலும் 'அ அ' என்றே எழுதிவந்தார். இரண்டு எழுத்தை எழுதுவதும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் எழுதுவதும் ஒரே உழைப்புத்தானே!

குறை எண்ணை அடுக்காக ஏற்பது பின்னும் கடினமாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பகுதாது நகரத்து அஸ்-ஸமவ்அல் தம் பத்தொன்பதாம் வயதில் எழுதிய நூலில் ஓர் அட்டவணை வரைந்தார். நடுவில் ஒன்று, ஒரு பக்கம் அடுக்குகள் ஏற, மறுபக்கம் அவற்றின் தலைகீழ்ப் பின்னங்கள் இறங்கின. நடுவிலுள்ள ஒன்றைக் கடந்து இருபுறமும் நகரலாம். விதி மாறாது என்று காட்டினார். 1544-இல் மைக்கேல் ஸ்டீபல் அதுபோன்ற வரிசையை ஜெர்மனியில் அச்சிட்டார். மேலே −3 முதல் 6 வரை. கீழே 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, 16, 32, 64. சுழியத்தின் கீழ் நின்றது ஒன்று. வலப்புறம் ஓரடி வைத்தால் இரட்டிப்பு. இடப்புறம் ஓரடி வைத்தால் பாதி. எட்டின் பாதி நான்கு, நான்கின் பாதி இரண்டு, இரண்டின் பாதி ஒன்று. 2⁰ ஒன்றாகாமல் வேறு எதுவாகும்? அதற்கும் இடப்புறம் நகர்ந்தால் அரை, கால், அரைக்கால்.

இறங்கும் இப்படிகள் தமிழ்க் கணக்கர்க்குப் புதியன அல்ல. முந்திரி என்பது 1/320. கீழ் என்னும் அடையை ஒரு பின்னத்தின்முன் சேர்த்தால் அது மீண்டும் 320-இல் ஒரு பங்காகும். கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280, கீழ்முந்திரி 1/1,02,400. முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி. இன்றைய குறியீட்டில் முதலாவது 320⁻¹, இரண்டாவது 320⁻². அடுக்குக்குறியின் குறை எண்ணைக் கீழ் என்னும் ஒரு சொல் சுமந்து நின்றிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் இவ்வாய்பாட்டை ஒப்பித்த சிறுவர் அதனை அடுக்கு என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பெயரிடாததால் பொருள் இல்லாமற் போய்விடவில்லை.

பின்ன அடுக்குத்தான் கடைசிப் படி. 2-இன் அடுக்கு அரை என்றால் என்ன? அரை முறை பெருக்குதல் என்பது பொருளற்றது. அரை அசை கொண்ட சீர் எத்தனை என்று கேட்பதைப் போன்றது. ஆனால் அடுக்குகள் கூடும் என்னும் விதியைக் கைவிடாமல் பற்றிக்கொண்டால் வழி திறக்கிறது. அரையும் அரையும் ஒன்று. ஆதலால் எந்த எண்ணை அதனாலேயே பெருக்க 2 வருமோ, அதுவே 2-இன் அரை அடுக்கு; அதாவது 2-இன் வர்க்கமூலம். பதினான்காம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் இக்கருத்தை எட்டினார். 1656-இல் ஜான் வாலிஸ் இதனை விரித்தார். 1676 ஜூன் 13-ஆம் நாள் நியூட்டன் லைப்னிட்சுக்காக எழுதிய மடலில் பின்ன அடுக்கையும் குறை அடுக்கையும் எவ்விதத் தயக்கமுமின்றி எழுதினார். அம்மடலுக்குப்பின் அக்குறியீடு உலகப் பொதுவாயிற்று. இவ்விடத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். எத்தனை முறை என்று எண்ணுவதில் பிறந்த அடுக்கு, எண்ண முடியாத இடத்துக்கு வந்தபின் விதியினால் பொருள் பெறுகிறது. நாம் முதல் வகுப்பில் சொன்ன விளக்கம் பொய்யன்று; ஆனால் அது மூன்றாம் வகுப்புவரை போதாது. அதனை மாணவரிடம் ஒளிவின்றிச் சொல்லிவிடுவது நேர்மை.

வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. மடக்கை என்பது அடுக்கின் மறுபக்கம் என்றே இன்று கற்பிக்கிறோம். ஆனால் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்ட 1614-இல் அடுக்குக்குறி இன்றைய வடிவத்தில் இல்லை. டெக்கார்ட் நூல் வர இன்னும் இருபத்து மூன்றாண்டு இருந்தது. இரு புள்ளிகள் கோட்டில் ஓடுவதாகக் கற்பனை செய்து நேப்பியர் அதனை ஆக்கினார். மறு ஆண்டு ஸ்காட்லாந்துக்குச் சென்று அவரைக் கண்ட ஹென்றி பிரிக்ஸ், பத்தை அடியாகக் கொள்ளலாம் என்று அவரோடு உடன்பட்டு, 1624-இல் 30,000 எண்களின் மடக்கையைப் பதினான்கு தசம இடம்வரை கையாலேயே கணித்து அச்சிட்டார். மேலைநாட்டு வானநூலாரும் மாலுமிகளும் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவ்வழியைப் பற்றியே கணக்கிட்டனர். கணிப்பொறி கைக்கு வருமுன் பள்ளியில் படித்தவர்களுக்கு நான்கிலக்க மடக்கை அட்டவணையின் நெருக்கமான வரிகளும், அவற்றின்மேல் அளவுகோலை வைத்துக் கண் வலிக்கத் தேடியதும் நினைவிருக்கும். பெருக்கலைக் கூட்டலாக்கும் ஆர்க்கிமிடீசின் குறிப்பையே நாம் அறியாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மடக்கையும் அடுக்கும் ஒன்றே என்பதை 1748-இல் ஆய்லர் தம் நூலில் நிலைநாட்டினார்.

வட்டிக்கணக்கு இடையில் மீண்டும் தலைகாட்டியது. நூற்றுக்கு நூறு வட்டி; ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் ஒரு வெள்ளி இரண்டாகும். அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் சேர்த்தால் 2.613. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. கணந்தோறும் சேர்த்தால்? 1683-இல் யாக்கோபு பெர்னூலி இவ்வினாவை எழுப்பி, விடை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே நின்றுவிடும் என்று கண்டார். 2.71828 என்று தொடங்கும் அவ்வெண்ணுக்குக் குறியும் புகழும் தந்தவர் ஆய்லர்.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி என்றால் பலருக்கு அது சிறிதாகவே தோன்றும். ஆண்டுக்குப் பதினெட்டு என்று பெருக்கிக்கொள்வர். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது பதினெட்டன்று, 19.56. ஒரு காசும் கட்டாமல் விட்ட கடன் நாற்பத்தேழாம் மாதத்தில் இரட்டித்துவிடும். பாபிலோனியப் பலகையின் இருபது விழுக்காடும், நான்காண்டுக்குச் சற்றுக் குறைவு என்ற அதன் விடையும் அப்படியே நம் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. கூட்டலால் வளர்வதையும் பெருக்கலால் வளர்வதையும் பிரித்தறியாத கண்ணுக்கு, தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஐந்து விழுக்காட்டுச் சேமிப்பையும் பதினெட்டு விழுக்காட்டுக் கடனையும் ஒரே வேளையில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. அவர்கள் பிள்ளைகள்தாம் நம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள்.

2020-இல் கொள்ளைநோய் வந்தபொழுதும் இதுவே நிகழ்ந்தது. மார்ச் 18 அன்று மலேசியாவிலும், ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரிலும் கட்டுப்பாடுகள் வந்தன. சில நூறு பேருக்கு நோய் என்றதற்கா நாட்டையே அடைப்பது என்று கேட்டோர் பலர். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய் தடையின்றிப் பரவினால் முப்பது நாளில் 2¹⁰, அதாவது 1,024 மடங்கு. இருபத்தேழாம் நாள் பார்ப்பவனுக்கு அதன் பாதிதான் தெரியும். நிலநடுக்க அளவையும் இவ்வகையதே. 1935-இல் சார்லஸ் ரிக்டர் வகுத்த முறையில் ஓர் எண் ஏறினால் அதிர்வின் வீச்சு பத்து மடங்கு; வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. 2004 டிசம்பர் 26-இல் சுமத்திராவின் அருகே எழுந்த 9.1 அளவு நடுக்கத்தை 7.1 அளவு நடுக்கத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி இரண்டு அன்று, ஆயிரம் மடங்கு. அன்று கடல் பினாங்குக் கரையையும் நாகப்பட்டினத்துக் கரையையும் ஒரே நாளில் தொட்டது.

பிங்கலர் வழிக்கும் ஒரு மறுபிறவி வாய்த்திருக்கிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் பேரெண்களின் அடுக்கைக் கொண்டு செய்தியை மறைக்கும் முறையொன்றைக் கண்டனர். இணையத்தில் காசு அனுப்பும்பொழுதும் கடவுச்சொல்லைத் தட்டும்பொழுதும் அம்முறை பல இடங்களில் காவலாக நிற்கிறது. அதில் பரவலாக வழங்கும் அடுக்கெண் 65,537. அத்தனை முறை பெருக்க வேண்டுமெனில் எந்தக் கணினியும் வீணாக உழைக்கும். அது செய்வது வேறு: பதினாறு முறை வர்க்கமாக்கி, கடைசியில் ஒருமுறை பெருக்கிவிடுகிறது. 65,537 ஒற்றைப்படை, ஒன்றைக் கழித்தால் 2¹⁶, அதனைப் பதினாறு முறை பாதியாக்கலாம். பாதியாக்கு, ஒன்றைக் கழி, திரும்பிப் படி. செய்யுளடியின் குருவையும் லகுவையும் எண்ண எழுந்த சூத்திரம் இது.

2⁰ பற்றிக் கேட்ட மாணவனுக்கு நான் இப்பொழுது ஸ்டீபலின் வரிசையை முதலில் காட்டுவதில்லை. யாப்பு அட்டவணையை மரமாக வரையச் சொல்லுகிறேன். பலகையின் வலப்பக்கம் நாலசைச்சீர் பதினாறு கிளை. அதற்கு இடப்பக்கம் மூவசைச்சீர் எட்டு. அதற்கும் இடப்பக்கம் தேமா முதலிய நான்கு. அடுத்து நாள், மலர் இரண்டு. ஒவ்வொரு கிளையும் நேர் ஒன்று, நிரை ஒன்று எனப் பிரிவதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது என்று அவனே சொல்லிவிடுவான். பிறகு, நாளும் மலரும் எங்கிருந்து பிரிந்தன என்று கேட்கிறேன். அவன் இன்னும் இடப்பக்கம் நகர்ந்து, இரு கோடுகளும் கூடும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறான். ஓரசையும் எழுதாத இடம் அது. அங்கே எத்தனை புள்ளி என்று கேட்டால் எண்ணிப் பார்த்து "ஒன்று" என்கிறான்.